துறையில் கிடந்த நாட்கள்: வடமராட்சிப் பாய்க்கப்பல்களின் நெடுந்தங்கல் பற்றி ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

பாய்க்கப்பல்களின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டத்தையே எழுதுகிறார்கள். எந்தத் துறையில் பாய் விரித்தது, எந்தத் துறையில் எப்போது பாய் இறக்கியது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. இடையில் ஏதோவொரு துறையில் நங்கூரம் போட்டு இரண்டு மாதமோ ஆறு மாதமோ கிடந்த காலத்துக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. நாட்களை எண்ணிப் பார்த்தால் நிலைமை தலைகீழாக இருக்கும். நெடும்பயணம் போன கலம் கடலில் ஓடிய நாளிலும் துறையில் கிடந்த நாளே அதிகம். மாலுமி கண்ட ஊர், உண்ட சோறு, பட்ட கடன், அகப்பட்ட சிறை எல்லாம் அந்த நாட்களுக்குள்தான் இருக்கின்றன.

அந்தக் கிடப்பை இக்கட்டுரை ‘நெடுந்தங்கல்’ என்று குறிக்கிறது. ஆய்வின் களம் வடமராட்சிக் கரை: பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, அவற்றுக்குப் பின்னிலமாக நெல்லியடி. மையச் சான்று 1937-38இல் வல்வெட்டித்துறையிலிருந்து அமெரிக்கா வரை போன அன்னபூரணி. அதற்கு முந்திய சில சான்றுகளையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றிலிருந்து நான் நிறுவ முயல்வது இதுதான்: தங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் காற்று; ஆனால் அது வாழ்வாக முடிந்ததா வினையாக முடிந்ததா என்பதைத் தீர்மானித்தது கரையின் சட்டம்.

2. காற்றும் கரையும்

வடமராட்சிக் கடலோடிக்கு ஆண்டு என்பது காற்றுகளின் வரிசை. வைகாசியில் எழும் சோளகம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை வடகிழக்கிலிருந்து இறங்கும். இடையே கொண்டலும் கச்சானும் வந்து போகும். வங்காளக் குடாவில் வடக்கே, பர்மாப் பக்கம் போகிறவனுக்குச் சோளகம் துணை. அங்கே அரிசி ஏற்றித் திரும்புகிறவனுக்கு வாடை துணை. போன காற்றில் திரும்ப முடியாது. ஆகவே போன இடத்தில் காற்று மாறும் வரை கிடக்க வேண்டும். அராபியக் கடலில் ஏடன் வழியாக ஓடிய கலங்களுக்கும் இதே விதிதான்.

உள்ளூரில் இன்னொரு சிக்கல் உண்டு. வடமராட்சியின் வடகரை திறந்த கரை. கரையை ஒட்டி முருகைக்கல் பார் நீண்டு கிடக்கிறது. படகுகள் உள்ளே வருவதற்கென்று அந்தப் பாரை வெட்டித் திறந்த ஒடுக்கமான வழிகளை இங்கே ‘வான்’ என்பார்கள். வல்வெட்டித்துறைக் கரையில் நின்று பார்த்தால், பாரில் அலை உடைந்து வெள்ளையாய் எழும். வானுக்கு நேரே மட்டும் நீர் கருநீலமாய், உடையாமல் உள்ளே வரும். அந்தக் கருநீலப் பட்டையின் அகலம்தான் ஊரின் வாசல். சிறு வள்ளம் அதற்குள் நுழையும். பெரிய கலம் வெளியே நங்கூரம் போட, சாமான் வள்ளத்தில் ஏறி இறங்கும். வாடை முற்றினால் இந்த ஏற்பாடு நடவாது. வடக்கே திறந்த கரையில் வடகிழக்குக் காற்றை எதிர்த்து ஒரு மரக்கலத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது, மாலுமிகளின் தலைவனான தண்டையலுக்கு வேண்டாத சோதனை. தீவுகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் ஊர்காவற்றுறை போன்ற துறைகளின் மதிப்பு அங்கேதான் தெரியும்.

கிடப்புக் காலம் சும்மா இருக்கும் காலம் என்று நினைக்கக் கூடாது. உப்பு நீரில் ஊறிய மரத்தைக் கப்பற்புழு துளைக்கும். அடிப்பலகையைக் காயவைத்துச் சுரண்ட வேண்டும், பொருத்துகளில் பஞ்சைத் திணித்து மெழுக வேண்டும், கயிறு மாற்ற வேண்டும், பாய் தைக்க வேண்டும். இலங்கையின் வடகரையிலிருந்து ஓடிய இந்துக்களின் கலங்களில் முன்னணியத்தின் இரு புறமும் கண் வைக்கும் வழக்கம் நிலைத்திருந்ததை ஜேம்ஸ் ஹோர்னெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்தார். கண்ணுக்குப் புது வர்ணம் தீட்டுவதும் கலம் கிடக்கிற காலத்து வேலையாகத்தானே இருந்திருக்கும்.

3. தங்குகிறவனுக்குச் சட்டம்

3.1 நயினாதீவுச் சாசனம்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) ஆணை அது. சிங்கள அரசனின் ஆணை தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. ஊரவர் இதை எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் தீவின் பழைமையை நிறுவுவதற்காக. என் கண்ணில் இது முதலில் ஒரு துறைமுகச் சட்டம்.

ஆணை சொல்வது இவ்வளவு. பரதேசிகள் ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறை) வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். பல துறைகளிலிருந்தும் பரதேசிகள் நமது துறையில் வந்து கூட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்ற வணிகக் கலம் உடைந்தால் சரிபாதி.

அரசன் இங்கே முதலில் கேட்பது வரி அல்ல, தங்கல். வணிகர் வந்துபோவது அவனுக்குப் போதவில்லை. வந்து கூடியிருக்க வேண்டும். அதற்கு விலையாகப் பாதுகாப்பைத் தருகிறான். அடுத்து, கலம் உடைவதை விபத்தாக அல்லாமல் வழக்கமாக எதிர்பார்த்து விகிதம் வகுக்கிறான். உடைந்த கலத்தில் பாதியை எடுப்பது இன்று கொள்ளையாகத் தெரியலாம். அந்தக் காலத்துக் கரைகளில் ஒதுங்கிய கலம் முழுவதும் கரையை ஆண்டவனுக்கே என்ற வழக்கமும் இருந்தது. ஐரோப்பாவிலும் அது உண்டு. ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதிய அரசன் கணபதிதேவன் 1244இல் வெட்டுவித்த அபய சாசனம், முன்னைய அரசர்கள் புயலில் ஒதுங்கிய கலங்களின் பொருளையெல்லாம் பறித்தார்கள், நாம் தீர்வை மட்டுமே கொள்வோம் என்று சொல்லிக்கொள்கிறது. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே ஊர்காவற்றுறையில் பாதிக்கு மேல் எடுப்பதில்லை என்று எழுத்தில் கொடுத்தாயிற்று. குதிரை வணிகனுக்கு முக்காற்பங்கு விட்டது தயவால் அல்ல. படைக்குக் குதிரை வேண்டும். ஒருமுறை இழந்தவன் மறுமுறையும் வர வேண்டும்.

3.2 காலி மும்மொழிக் கல்

காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல் 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்டது. செங் ஹோவின் சீனக் கப்பற்படை கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரைத் தென்னாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. துறையில் தங்குகிறவன் அந்தத் துறையின் தெய்வத்துக்கும் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற நடைமுறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இலங்கையில் இல்லை எனலாம். இதற்கு மேல் இக்கல் நமது பொருளுக்கு வேண்டியதில்லை.

4. காத்திருந்த கலம், இழந்த கலம்

1344இல் இபன் பதூதா மாலைதீவிலிருந்து தமிழகக் கரையான மாபாருக்குப் போக ஏறிய கப்பல் காற்றில் விலகிப் புத்தளக் கரையை அடைந்தது. ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சி நடந்த இடம். அவர் அரசனிடம் கேட்டது பாவாதமலைக்குப் போக வழி. அரசன் பல்லக்கும் ஆட்களும் துணைக்கு யோகிகளும் கொடுத்தான். கப்பலின் கதி? பயணி மலையேறித் திரும்பும் வரை கப்பல் தலைவன் துறையில் காத்திருக்க ஒப்புக்கொண்டான். அவனுக்கு அரசன் அபயம் கொடுத்தான். பதூதா திரும்பி வந்தபோது கப்பல் அங்கேயே கிடந்தது. ஒரு பயணியின் யாத்திரைக்காக ஒரு கலம் துறையில் கிடக்க முடிந்தது என்றால் அதற்கு அடியில் இருந்தது அரசனின் சொல். பிறகு அதே கப்பல் மாபார்க் கரைக்கு அருகே சிதைந்தது வேறு கதை. காற்றுக்கு யார் அபயம் கொடுப்பது?

இதன் மறுபுறம் கொட்டியாரத்தில் இருக்கிறது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் நடுப்பாய்மரத்தை இழந்தது. புது மரம் நாட்டவும் அப்படியே கொஞ்சம் வியாபாரம் பார்க்கவும் அது திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. பழுது பார்க்கும் தங்கல். எந்த மாலுமிக்கும் வழமையான ஒன்று. இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கரையில் இறங்கியவர்களைப் பிடித்தார்கள். மொத்தம் பதினாறு பேர். தலைவரின் மகன் ரொபட் நொக்ஸைத் தகப்பனே ஒரு செய்தியோடு கப்பலுக்கு அனுப்பினார். இளைஞன் கப்பலேறிச் செய்தியைச் சொல்லிவிட்டு, கொடுத்த வாக்குக்காகக் கரைக்குத் திரும்பிச் சிறைப்பட்டான். கப்பல் போய்விட்டது. தகப்பன் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்து, 1681இல் இலண்டனில் நூல் வெளியிட்டான். மூதூரில் அவர்கள் அமர்ந்ததாகச் சொல்லப்படும் புளியமரத்தை இன்றும் காட்டுவார்கள்.

புத்தளத்துக்கும் கொட்டியாரத்துக்கும் கடலால் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு கரையில் இருந்தது. ஒல்லாந்தரோடு பகைமுற்றி, வெளியார் எவரையும் நம்பாத அரசன் ஆண்ட காலத்தில் பாய்மரம் நாட்ட வந்தவனும் ஒற்றனே.

5. அன்னபூரணி

5.1 கலம்

அன்னபூரணி 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறையில் சுந்தரம் மேத்திரியாரின் கைவேலையாக உருவான கப்பல். நீளம் 89 அடி, அகலம் 19 அடி. மரம் வேம்பும் இலுப்பையும். யாழ்ப்பாணத்தில் வேம்பு என்றால் முற்றத்து நிழலும் வீட்டு நிலையும் நினைவுக்கு வரும். அதைக் கொண்டு அத்திலாந்திக்கைக் கடக்கலாம் என்று எவருக்கும் தோன்றாது. ஆனால் வேம்பின் கசப்பைப் புழு எளிதில் விரும்பாது, இலுப்பை நீரில் இருந்து இறுகும். துறைகளில் நெடுநாள் கிடக்கப்போகும் கலத்துக்கு ஏற்ற மரம் எதுவென்று மேத்திரியார்களுக்குத் தெரிந்திருந்தது.

வாங்கியவர் வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்கர். ‘ஸ்வாப்’ என்ற 32 அடிச் சிறு பாய்ப்படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்து, 1932இல் அதை நூலாக எழுதிப் புகழ் பெற்றவர். அந்தப் படகை அவர் இழந்ததும் ஒரு தங்கலில்தான். 1934இல் கலாபகோஸ் தீவுகளில் நின்றபோது குடல்வால் வெடித்துச் சாகக் கிடந்தார். அங்கே நின்ற மீன்பிடிக் கப்பலின் வானொலி வழியாகச் செய்தி போய், அமெரிக்கக் கடற்படைக் கப்பல் வந்து அவரை மீட்டது. அவர் பிழைத்தார், அங்கே விடப்பட்ட படகை ஆட்சியாளர் கைப்பற்ற, அது அவருக்கு இல்லாமற் போயிற்று. நொக்ஸின் கப்பல் தப்பியது, ஆள் அகப்பட்டான். ரொபின்சன் தப்பினார், படகு அகப்பட்டது. மூன்று நூற்றாண்டு இடைவெளியிலும் கரையின் பிடி தளரவில்லை.

அவர் வாங்கிய பின் அன்னபூரணிக்கு அவருடைய மனைவியின் பெயர் இடப்பட்டது: ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’. ஊரில் அந்தப் பெயரை யார் சொன்னார்கள்? இன்றுவரை அன்னபூரணிதான்.

5.2 பதினேழு மாதங்களின் கணக்கு

கப்பல் 1937இன் முற்பகுதியில் வல்வெட்டித்துறையை விட்டது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவரோடு ஊரவர் நால்வருமாக ஐவர் அதில் போனார்கள். அமெரிக்கா வரை கப்பலை நடத்தியவர் தலைவர் டொனால்ட் மக்குயிஷ். கொழும்பு, ஏடன், சூயஸ் கால்வாய், கிறீற் தீவு, ஜிப்ரோல்டர், பேர்மியூடா என்ற வழியாகச் சென்று, 1938 ஒகஸ்ட் 1ஆம் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறையை அடைந்தது. மறுநாள் ‘பொஸ்ரன் குளோப்’ பத்திரிகையில் செய்தி வந்தது.

கடல் தூரத்தைக் கூட்டிப் பார்ப்போம். கொழும்பிலிருந்து ஏடன் ஏறத்தாழ 2,100 கடல் மைல். ஏடனிலிருந்து சூயஸ் 1,300. போர்ட் செயிட்டிலிருந்து ஜிப்ரோல்டர் 1,900. அங்கிருந்து பேர்மியூடா ஏறக்குறைய 2,900. கடைசித் துண்டு 700. மொத்தம் 9,000 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. 89 அடிக் கலம் நல்ல காற்றில் நாளொன்றுக்கு 100 கடல் மைல் ஓடும் என்று கணக்கில் கஞ்சத்தனமாகவே வைத்தாலும் தொண்ணூறு நாள். செங்கடலின் வடபாதியில் ஆண்டு முழுவதும் வடக்குக் காற்று முகத்தில் அடிக்கும். அங்கே குறுக்கும் மறுக்கும் ஓடியே முன்னேற வேண்டும் என்பதற்காக நாட்களை இரட்டித்தாலும் ஆறு மாதம். மீதிப் பதினொரு மாதம் துறைகளில் கழிந்திருக்கிறது.

பயணத்தின் மூன்றில் இரண்டு பங்கு தங்கல் என்று ஆகிறது. காரணங்களை வழியே காட்டுகிறது. ஏடன் வரை வாடையின் கடைசி வீச்சு வேண்டும், அதற்குப் பின் சோளகம் அந்தக் கடலை அடைத்துவிடும். அத்திலாந்திக்கின் மேற்குப் பகுதியில் யூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். மத்தியதரைக் கடலிலோ மாரிக் காற்று மரக்கலத்துக்கு ஆகாது. மூன்று கடல்களின் மூன்று நாட்காட்டிகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒன்றின் கதவு திறக்கும் வரை மற்றொன்றின் துறையில் கிடக்க வேண்டியதுதான். பர்மாவில் காற்று மாறக் காத்திருந்து பழகிய வல்வெட்டித்துறையானுக்கு இது புது அனுபவம் அல்ல. கிறீற்றிலும் ஜிப்ரோல்டரிலும் அவனுக்குப் புதிதாக இருந்தது குளிரும் சாப்பாடுமாக இருந்திருக்கலாம், காத்திருப்பு அல்ல.

5.3 குளோஸ்ரர்

பயணம் குளோஸ்ரரில் முடிந்தது தற்செயல் அன்று. ரொபின்சனின் மனைவி புளோரன்ஸ் கிரேன், அயலூரான இப்ஸ்விச்சில் பெரிய மாளிகை கொண்ட செல்வக் குடும்பத்தின் மகள். பின்னர் ரொபின்சன் அதே இப்ஸ்விச்சில் கப்பல் கட்டும் தளமும் நடத்தினார்.

குளோஸ்ரரில் 1623இல் ஆங்கிலேயர் குடியேறினர். அமெரிக்காவின் பழைய மீன்பிடித் துறைகளில் அதற்குத் தனி இடம் உண்டு. கொட் மீன் பிடிக்கப் போய்த் திரும்பாதவர்கள் அந்த ஊரில் ஆயிரக்கணக்கு. சுக்கானைப் பிடித்துக் கடலை வெறிக்கும் வெண்கல மீனவன் சிலை 1925 முதல் அங்கே கடலோரத்தில் நிற்கிறது. ஐந்து தமிழர் இறங்கிய ஊர் அது. வல்வெட்டித்துறையின் இயல்பை அறிந்தவனுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியாது: கடலில் கணவனை விட்ட வீடுகள், கப்பல் கட்டும் கொல்லை, மாலுமிகளின் கோயில்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. குளோஸ்ரரின் பெருமையான பாய்க்கப்பல் ‘கேர்ட்ரூட் எல். தெபோ’, பக்கத்து ஊரான எசெக்ஸில் 1930இல் கட்டப்பட்டது, அன்னபூரணியின் வயதுதான். 1938 ஒக்ரோபரில், அன்னபூரணி வந்து இரண்டு மாதம் கழித்து, அந்தக் கப்பல் கனடாவின் ‘புளூநோஸ்’ கப்பலோடு தன் கடைசிப் பந்தயத்தை ஓடித் தோற்றது. இயந்திரக் கப்பல்கள் பாயை விழுங்கிக்கொண்டிருந்த காலம். இரண்டு கரைகளிலும் கடைசித் தலைமுறைப் பாய்க்கப்பல்கள் ஒரே துறைக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கர் தம்முடையதைப் பற்றி நூல் நூலாக எழுதினார்கள். நாம் அன்னபூரணியைப் பற்றி நினைவு மலர்களில் எழுதினோம்.

6. பாக்கு நீரிணைக்கு அப்பால்

நெடுந்தங்கல் மாலுமிகளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வல்வெட்டித்துறையிலும் காங்கேசன்துறையிலும் தோணி ஏறி வேதாரணியம், நாகபட்டினம் போய், சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரை கண்டு திரும்புவது யாழ்ப்பாணத்துச் சைவருக்கு வழமை. போனவர்கள் காற்றுக் கிடைக்கும் வரை அக்கரையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் சிதம்பரத்திலும் வேதாரணியத்திலும் யாழ்ப்பாணத்தார் மடங்கள் எழுந்தன. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதையும் இந்தப் போக்குவரத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். அக்கரை அவருக்கு வெளிநாடாக இருக்கவில்லை.

7. பின்னிலம்: நெல்லியடி

கிடக்கும் கப்பலுக்குத் தண்ணீர், அரிசி, விறகு, கயிறு, மரம், ஆள் வேண்டும். கடற்கரை ஊர் இவற்றில் பாதியைத்தான் தரும். மீதி உள்நாட்டிலிருந்து வர வேண்டும். ஒரு துறையின் வலு அதன் பின்னிலத்தில் இருக்கிறது என்ற கருத்தைக் குளோஸ்ரருக்குச் சொன்னால் ஒத்துக்கொள்கிறவர்கள் நெல்லியடிக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நெல்லியடிச் சந்தியில் நின்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதியோடு கொடிகாமம் வீதி இங்கே கூடுகிறது. கரவெட்டி, வதிரி, உடுப்பிட்டி என்று சுற்றிவரத் தோட்டமும் கிணறும். மேற்கே உடுப்பிட்டி வழியாகச் சைக்கிளில் போனாலே வல்வெட்டித்துறை வந்துவிடும். புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளையும் நிலத்துக்கும் கப்பல் நிற்கும் கடலுக்கும் நடுவே இந்தச் சந்தி இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் வரை கடலால் போன பண்டம். மாரி தணியக் கன்று வைத்து, பங்குனி சித்திரையில் வெட்டி, புகையூட்டிப் பக்குவம் செய்து சிப்பம் கட்ட மாதங்கள் எடுக்கும். கப்பல் கிடந்தால்தான் சிப்பம் ஏறும். சிப்பம் ஆயத்தமானால்தான் கப்பலுக்கு ஓட்டம். தோட்டக்காரனின் நாட்காட்டியும் தண்டையலின் நாட்காட்டியும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று பொறுத்துப் போயின. கப்பற்றொழில் நின்ற பின்னும் சந்தி நிற்கிறது. வடமராட்சியின் பெரிய சந்தை இன்று இங்கேதான்.

8. சட்டம் மாறிய பின்

1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை நாகபட்டினத்தில் ஒரு மாதம் கிடந்து திரும்பியவன் அதற்குப் பின் கடவுச்சீட்டும் விசாவும் காட்ட வேண்டியவன் ஆனான். 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் கடலில் எல்லைக் கோடு இழுத்தன. பரதேசிகள் வந்து கூட வேண்டும் என்று கேட்ட பராக்கிரமபாகுவின் ஆணை இருந்த கரையில், வந்தவன் ஏன் வந்தான், எத்தனை நாள் நிற்பான் என்ற கேள்வி முதற்கேள்வி ஆயிற்று. யுத்தம் பிறகு கடலையே அடைத்தது. பாய்க்கப்பலைக் கொன்றது இயந்திரம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்; என் கணிப்பில் நெடுந்தங்கலைக் கொன்றது கடவுச்சீட்டு.

2023 யூனில் சென்னையிலிருந்து வந்த ‘கோடிலியா எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் காங்கேசன்துறையைத் தொட்டது. பயணிகள் காலையில் இறங்கி, கோயில் பார்த்து, பொழுதுக்குள் ஏறிவிடுகிற ஏற்பாடு. அதே ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதி ‘செரியபாணி’ என்ற பயணிகள் படகு நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணி நேர ஓட்டம். சில நாளிலேயே வாடை வந்து சேவையை நிறுத்தியது. 2024 ஒகஸ்ட்டில் ‘சிவகங்கை’ என்ற வேறு படகோடு மீண்டும் ஓடி, அந்த ஆண்டு நவம்பரில் வாடைக்காக மறுபடி நின்று, 2025 பெப்ரவரியில் திரும்பவும் தொடங்கியது. இயந்திரப் படகும் பழைய தோணியின் நாட்காட்டிக்குள்தான் ஓடுகிறது. வேறுபாடு, வாடையில் படகு நாகபட்டினத்தில் கட்டிக் கிடக்க, பயணிகள் விமானத்தில் போகிறார்கள்.